மார்லிஸ் அழுத்தாத பொத்தான்

“இதைச் செஞ்ச ஆள் சாப்பிட்டுட்டுக் கை கழுவல,” என்றாள் லோர்னா வாசெக், அந்தக் கைக்கடிகாரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி.

“அப்படின்னா நெப்ராஸ்காவுல பாதிப் பேரைப் பிடிச்சு உள்ள போடணும், சீஃப். என்னையும் சேர்த்து.”

“உன்னை அப்புறம் தனியாக் கவனிச்சுக்கறேன், டுவேன். கிட்ட வா. இது என்ன நிறம்?”

கடிகாரக் கண்ணாடியின் மேல் விரலால் இழுத்த மாதிரி ஒரு தடம். காய்ந்து போன சர்க்கரைப் பூச்சு. ஆரஞ்சு நிறம். நக்கிப் பார்த்தால் உறுதியாகச் சொல்லிவிடலாம் என்றேன். சாட்சியப் பொருளை நக்குகிற உதவியாளன் தனக்கு வேண்டாம் என்றாள்.

லோர்னா ஷெரிஃப் ஆபீசில் துப்பறிவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் எங்கள் பல்கலைக்கழகத்தின் உள்விசாரணைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தாள். பிரிவு என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அடித்தளத்தில் கொதிகலன் பக்கத்தில் ஓர் அறை, அதில் அவளும் நானும். நான் அதற்கு முன் வாகன நிறுத்துமிடத்தில் வேலை பார்த்தேன். துணைவேந்தர் காருக்கு அபராதச் சீட்டு ஒட்டியதும் என்னைக் கீழே அனுப்பிவிட்டார்கள்.

இப்போது நாங்கள் நின்றது ஆராய்ச்சி மானிய அலுவலகத்தில். அந்தக் கடிகாரத்தின் சொந்தக்காரி மார்லிஸ் கோல்டர்மன், தன் நாற்காலியிலேயே விருந்தாளி மாதிரி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். சாயந்திரம் ஐந்து மணிக்குள் எங்கள் அறிக்கை வந்ததும் அவளை வேலையை விட்டு அனுப்பப் போவதாக டீன் லிண்ட் சொல்லியிருந்தார். மார்லிஸ் இந்த அலுவலகத்தின் தூண். எந்தப் பேராசிரியரும் மத்திய அரசிடம் மானியம் கேட்டுத் தானே விண்ணப்பத்தை அனுப்பிவிட முடியாது. நோபல் பரிசே வாங்கியிருந்தாலும் சரி, கடைசிப் பொத்தானை அழுத்துகிற அதிகாரம் மார்லிஸுக்குத்தான்.

நடந்தது இதுதான். பேராசிரியர் கிரேட்சன் பிராண்ட், தானியக் கிடங்குத் தூசியால் விவசாயிகளுக்கு வருகிற நுரையீரல் நோயைப் பற்றி ஆராய்கிறவள். செவ்வாய்க்கிழமை மார்லிஸ் அவள் விண்ணப்பத்தை வாஷிங்டனுக்கு அனுப்பினாள். போய்ச் சேர்ந்த விண்ணப்பம் இரண்டு வேலை நாள் திரையில் கிடக்கும், தப்பு இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். அந்த இரண்டு நாளுக்குள் நம் பக்கத்திலிருந்து யாராவது ‘நிராகரி’ என்ற பொத்தானை அழுத்தினால் போச்சு, விண்ணப்பம் வரவே இல்லை என்று கணக்கு. புதன்கிழமை மதியம் யாரோ அதை அழுத்தியிருந்தார்கள், அதுவும் மார்லிஸின் கம்ப்யூட்டரிலிருந்தே.

“நேத்து மதியம் எங்க இருந்த, மார்லிஸ்?” என்றாள் லோர்னா. இரண்டு பேரும் ஒரே பௌலிங் குழுவில் பந்தை உருட்டிக் கட்டை சாய்க்கிறவர்கள். மார்லிஸைத் தெரியாத விசாரணை அதிகாரி வேண்டுமென்றால் பக்கத்து மாநிலமான கான்சாஸில் போய்த்தான் தேட வேண்டும்.

“கீழ ஹால்ல. அக்டோபர் சில்லி விருந்து. மாட்டுக்கறிக் குழம்பும் சின்னமன் ரோலும்னா கேக்கணுமா, ஊரே அங்கதான் இருந்துச்சு.”

“கம்ப்யூட்டரைப் பூட்டிட்டுப் போகலையா?”

மார்லிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். “பூட்டினா மறுபடி உள்ள போறதுக்குள்ள தாவு தீர்ந்துடும், லோர்னா. உன் முதல் நாய் பேரென்ன, உங்கம்மா எந்த ஊருன்னு கேட்டு உயிரை வாங்கும். அதான் மவுஸுக்கு அடியில கடிகாரத்தை வெச்சுட்டுப் போவேன். முள்ளு ஓடிக்கிட்டே இருக்கும்ல, யாரோ மவுஸை நகர்த்தறாங்கன்னு நினைச்சு அது தூங்காது.”

“அடேங்கப்பா,” என்றேன். இப்படி ஒரு வித்தை இருப்பது வாகன நிறுத்துமிடத்திலேயே தெரிந்திருந்தால் என் வாழ்க்கை எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

“வந்தவன் கடிகாரத்தை எடுத்து ஓரமா வெச்சான், பொத்தானை அழுத்தினான், திரும்ப வெச்சுட்டுப் போனான். ஆரஞ்சுப் பூச்சு விரல்ல இருந்திருக்கு,” என்றாள் லோர்னா. “உனக்குச் சர்க்கரை வியாதி. நீ அந்த இனிப்பு ரோலைத் தொட மாட்ட.”

“பதிவாளர் ஆபீஸ் டோரிஸ் நேத்து முதல் தடவையா சின்னமன் ரோலுக்கு ஆரஞ்சுப் பூச்சுப் போட்டிருந்தா,” என்றாள் மார்லிஸ். “எப்பவும் வெள்ளைதான். பாதிப் பேருக்குப் பிடிக்கவே இல்ல.”

“அப்போ விருந்துக்கு வந்த யாரோ,” என்றேன். “நூறு பேர் இருப்பாங்களே.”

லோர்னா நாற்காலியை இழுத்துப் போட்டு மார்லிஸ் எதிரே உட்கார்ந்தாள். “எனக்கு ஒண்ணு இடிக்குது. அனுப்ப வேண்டிய கடைசி நாள் செவ்வாய் சாயந்திரம்னு டீன் சொல்றார். புதன்கிழமை அழுத்தினா விண்ணப்பம் செத்துப் போகும், திரும்ப அனுப்ப வழியில்ல. உன்மேல பழி வந்துருச்சு. ஆனா நீ காலையில இருந்து ஒரு வார்த்தை பேசல. நான் அழுத்தலைன்னு ஒரே ஒரு தடவை சொன்னதோட சரி. நீ இப்படி வாயை மூடிக்கிட்டு இருக்கற ஆளா? பௌலிங்ல ஒரு பாயிண்ட்டுக்காக நடுவர் சட்டையைப் பிடிச்சவ.”

மார்லிஸ் ஜன்னலைப் பார்த்தாள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, அறுவடை முடிந்த மக்காச்சோளக் கொல்லைதான்.

“டுவேன், வாஷிங்டனுக்குப் போன் போடு,” என்றாள் லோர்னா.

மத்திய அரசின் உதவி எண்ணில் முதலில் ஒரு பியானோ வாசித்தது. அப்புறம் அதே பியானோ மறுபடி வாசித்தது. என் பையில் ஒரு ஃபிளாஸ்க் நிறையச் சில்லியும், காகிதத்தில் சுற்றிய ஒரு சின்னமன் ரோலும் இருந்தன. மதியச் சாப்பாடு. பேச ஆள் வருவதற்குள் தின்றுவிடலாமா என்று நான் யோசித்தபோது ஒரு பெண் குரல் வந்தது. எங்கள் திட்டத்தின் பெயரைச் சொல்லி, கடைசித் தேதி எது என்று கேட்டேன்.

அவள் சொன்னதைக் கேட்டு, நன்றி சொல்லி வைத்துவிட்டு லோர்னாவைப் பார்த்தேன்.

“சீஃப், கடைசித் தேதி செவ்வாய் இல்லையாம். இன்னைக்காம். வியாழக்கிழமை, நம்ம ஊர் நேரம் சாயந்திரம் அஞ்சு.”

மார்லிஸ் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“சொல்லு,” என்றாள் லோர்னா, இந்தத் தடவை மெதுவாக.

“பேராசிரியருங்க யாரும் அறிவிப்பைப் படிக்க மாட்டாங்க. நான் அனுப்பற மெயில்ல இருக்கிற தேதிதான் அவங்களுக்கு வேதம். அதனால எப்பவும் ரெண்டு நாள் முன்னால ஒரு தேதியச் சொல்லுவேன். கடைசி நிமிஷத்துல மூச்சு வாங்க ஓடி வருவாங்க, கெஞ்சுவாங்க. போனாப் போகுதுன்னு ஒரு நாள் குடுப்பேன். உண்மையான தேதிக்குள்ள எல்லாம் போய்ச் சேர்ந்துடும். இது இந்த ஆபீஸைத் தாண்டி யாருக்கும் தெரியாது. டீனுக்கே தெரியாது.”

“அடிப்பாவி,” என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். அதில் இருந்தது முழுக்க மரியாதை.

“இதுக்கு முன்னால என்ன நடந்துச்சு தெரியுமா? உண்மைத் தேதியைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். மூலக்கூறு உயிரியல்ல ஹாரிஸ்னு ஒருத்தர். அஞ்சடிக்க ரெண்டு நிமிஷம் இருக்கும்போது வந்தார். ஏதோ ஒரு பிழைன்னு வாஷிங்டன் திருப்பி அனுப்பிருச்சு. அதைத் திருத்தறதுக்குள்ள கதவு மூடியாச்சு. அவர் லேபுல வேலை பார்த்த ஆறு பேரும் வீட்டுக்குப் போனாங்க. அதுல ஒரு பொண்ணு அப்போ கர்ப்பமா இருந்தா. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் இது.” மார்லிஸ் மூக்கை உறிஞ்சினாள். “இப்ப நான் வாயைத் திறந்தா, விஷயம் கேம்பஸ் முழுக்கப் பரவிடும். அப்புறம் எந்தத் தேதியச் சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான்.”

லோர்னா எழுந்து இரண்டு தடவை நடந்தாள். “ஆனா இதுதானே உன்னைக் காப்பாத்தும்! நீயோ உன் ஆளுங்களோ விண்ணப்பத்தைக் கெடுக்கணும்னா புதன்கிழமை அழுத்த மாட்டீங்க. வியாழன் வரைக்கும் திரும்ப அனுப்பலாம்னு உங்களுக்குத் தெரியும். இன்னைக்கு அஞ்சுக்கு அப்புறம்தான் அழுத்துவீங்க. புதன்கிழமை அழுத்தினவன் செவ்வாயோட கதை முடிஞ்சுதுன்னு நம்பினவன். உன் பொய்யை நம்பினவன். இந்த ஒரு வரியை டீன்கிட்ட சொன்னாப் போதும்.”

“அந்த ஒரு வரியைச் சொல்லக் கூடாது,” என்றாள் மார்லிஸ். “காலையில வந்து பாக்கறேன், என் கணக்கையே முடக்கி வெச்சிருக்கார் டீன். எனக்காக ஒண்ணே ஒண்ணு பண்ணு, லோர்னா. ஒரு பத்து நிமிஷம் என்னை உள்ள விடச் சொல்லு. சத்தமில்லாம பிராண்டோடதை மறுபடி அனுப்பிடறேன். வாஷிங்டன்காரங்க கருணை காட்டினாங்கன்னு சொல்லிக்கலாம். அப்புறம் என்னை அனுப்பிடட்டும். பரவாயில்ல.”

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். அந்த அறையில் அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

*

மூன்றாவது மாடியில் பிராண்டின் லேப். இரண்டு பக்கமும் பெரிய ஜன்னல்கள். விண்ணப்பம் செத்துப் போன ஆளைப் பார்க்கப் போகிறோமே, கண்ணீரும் கைக்குட்டையுமாக இருப்பாளே என்று நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு நுழைந்தேன்.

கிரேட்சன் பிராண்ட் மேஜையின் மேல் காலைப் போட்டுக்கொண்டு, பாப்கார்ன் தின்றபடி, வரைபடம் ஒன்றுக்கு நிறம் மாற்றிக்கொண்டிருந்தாள்.

“வாங்க, வாங்க,” என்றாள். எங்களைப் பார்த்ததும்தான் அவளுக்கு நினைவு வந்தது போல. காலைக் கீழே போட்டு, முகத்தைத் தொங்க விட்டாள். “ஐயோ. எல்லாம் போச்சு. அஞ்சு வருஷ உழைப்பு.”

என் அக்கா பையன் பள்ளி நாடகத்தில் பூசணிக்காயாக நடித்தான். அவன் இவளைவிட நன்றாக நடித்தான்.

“எல்லாம் போச்சுன்னா எதுக்கு வரைபடத்தைத் திருத்தறீங்க, ப்ரொபசர்?” என்றாள் லோர்னா.

“அது... ஒரு ஆறுதலுக்கு.”

“நான் சொல்லட்டுமா, சீஃப்?” என்றேன். “அனுப்பினதுல தப்பு இருக்குன்னு இந்தம்மாவுக்கு அப்புறமாத் தெரிஞ்சிருக்கு. தானே போய் அழுத்திட்டாங்க.”

பிராண்ட் பாப்கார்ன் கிண்ணத்தை வைத்துவிட்டு என்னைக் கோபமாகப் பார்த்தாள். “அது வேணும்னா மார்லிஸ்கிட்ட சொன்னா அவளே செய்வாளே. நான் எதுக்குத் திருடன் மாதிரிப் போகணும்?”

“அப்படின்னா திரும்ப அனுப்ப நேரம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்,” என்றாள் லோர்னா.

பிராண்ட் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“இங்க பாருங்க, மார்லிஸ் காதுக்கு மட்டும் போகக் கூடாது. எல்லாருக்கும் தெரியும். அவ சொல்ற தேதியோட ரெண்டு நாளைக் கூட்டிக்கணும். இந்தக் கட்டடத்துல இருக்கற அத்தனை பேருக்கும் தெரியும். சேர்ந்து ஒரு வருஷம் அவகிட்ட அடிபட்டாப் புரிஞ்சிடும்.”

எனக்கு வாய் பிளந்துவிட்டது. கீழே ஒருத்தி இந்த ரகசியத்துக்காக வேலையையே விடத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள்.

“அப்புறம் ஏன் செவ்வாய்க்கிழமையே குடுத்தீங்க?” என்றாள் லோர்னா.

“இந்தத் தடவை பயம். பழைய மானியம் டிசம்பரோட முடியுது. இது கிடைக்கலைன்னா லேபைக் காலி பண்ணணும். அதான் வாழ்க்கையில முதல் தடவையா மார்லிஸ் பேச்சைக் கேட்டேன். கேட்டதுக்குப் பலன் பாருங்க.” அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “ஒண்ணும் கவலையில்ல. அவளுக்கு உண்மைத் தேதி தெரியுமே. அஞ்சுக்குள்ள கமுக்கமா அனுப்பிடுவா.”

“அனுப்ப மாட்டா. டீன் அவ கணக்கை முடக்கியாச்சு. அஞ்சுக்கு வேலையும் போகப் போகுது.”

பிராண்டின் முகம் வெளுத்தது. இந்தத் தடவை நடிப்பில்லை.

“எல்லாருக்கும் தெரியும்னா,” லோர்னா விரலைக் கன்னத்தில் தட்டினாள், “டீனை விட்டா, செவ்வாய்தான் கடைசின்னு நம்பற ஆள் இந்தக் கட்டடத்துல யாரு?”

“இந்த வருஷம் புதுசா வந்தவன்தான் நம்புவான்,” என்றாள் பிராண்ட். சொல்லி முடித்ததும் அவள் பார்வை தானாகச் சுவர்ப் பக்கம் போனது. “புதுசா வந்தது ஒருத்தர்தான். பக்கத்து ரூம். அதுல ஜன்னலே கிடையாது. நான் காலி பண்ணினா இந்த லேப் அவருக்குத்தான்.”

*

வின்ஸ்லோ ஏம்ஸ் பாஸ்டனிலிருந்து ஆகஸ்டில் வந்தவர். நாங்கள் போனபோது ஒரு சாமான் பட்டியலைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். திரைச்சீலைகள். ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்துகொண்டு மனுஷன் திரைச்சீலை பார்க்கிறார்.

“நேத்தா? ஒமாஹாவுல இருந்தேன். நாள் முழுக்க,” என்றார். “பாவம் பிராண்ட். அந்த ஆபீஸ் பொம்பளைக்கு என்ன கோபமோ.”

“அச்சச்சோ, அப்போ விருந்தைத் தவற விட்டுட்டீங்களே,” என்றாள் லோர்னா. திரும்பி என்னைப் பார்த்தாள். “டுவேன், உன் சாப்பாட்டை எடு.”

“சீஃப், அது என்னோட...”

“எடுடா.”

மனசே இல்லாமல் எடுத்தேன். ஃபிளாஸ்க் மூடியில் சில்லியை ஊற்றினாள். மாட்டுக்கறியும் பீன்ஸும் மணத்தன. காகிதத்தைப் பிரித்து, வெள்ளைப் பூச்சுப் போட்ட ரோலைப் பிய்த்து, சில்லியில் முக்கி, நீட்டினாள். நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான் சாப்பிடுகிறோம்.

ஏம்ஸ் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். “இனிப்பை எடுத்து மாட்டுக்கறியிலயா முக்குவீங்க? நீங்கெல்லாம் எப்படித்தான் இதைச் சாப்பிடறீங்களோ.”

“தனியா ரோலை மட்டுமாவது சாப்பிட்டுப் பாருங்க.”

“வேண்டாம். வெள்ளைப் பூச்சு ஒரே திகட்டல். அந்த ஆரஞ்சுன்னாலும் பரவாயில்ல, கொஞ்சம் புளிப்பா...”

நிறுத்தினார். நிறுத்தி என்ன பிரயோஜனம்?

“ஆரஞ்சு நேத்து ஒரு நாள்தான் இருந்துச்சு, ப்ரொபசர்,” என்றாள் லோர்னா, என் ரோலை நிதானமாக மென்றபடி. “அதுவும் கீழ ஹால்ல மட்டும். ஒமாஹாவுல டோரிஸுக்குக் கிளை கிடையாது. மார்லிஸ் கடிகாரத்து மேல உங்க விரல் தடம் ஆரஞ்சுக் கலர்ல அழகா இருக்கு. ஊர்க்காரனா இருந்தா ஒரு கையில சில்லிக் கிண்ணம், ஒரு கையில ரோல். எதையும் தொடக் கை இருக்காது. நீங்க ரோலை மட்டும் எடுத்துக்கிட்டு மாடி ஏறினீங்க.”

ஏம்ஸ் திரையில் இருந்த திரைச்சீலைப் பட்டியலை மூடினார். “அந்த ரூம்ல வெயில் வருதுங்க,” என்றார் கடைசியில், சின்னப் பையன் மாதிரி. “கம்ப்யூட்டர் திறந்தே கிடந்துச்சு, நான் ஒரு பொத்தானைத்தான் அழுத்தினேன். இனி என்ன பண்ண முடியும்? கடைசி நாள் செவ்வாயோட போச்சு.”

“அப்படியா?” என்றாள் லோர்னா.

*

டீனுக்கு ரோல் கதையும் விரல் தடமும் போதுமானதாக இருந்தன. ஏம்ஸை அழைத்துக்கொண்டு மேலே போகிற அவசரத்தில் மார்லிஸின் கணக்கைத் திறந்துவிடச் சொல்லி உத்தரவு போட்டார். தேதியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. லோர்னாவும் சொல்லவில்லை. வேலை தப்பியது, ரகசியமும் தப்பியது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் படியில் இறங்கும்போது நான் பிராண்டிடம் எல்லாவற்றையும் உளறிவிட்டேன். மார்லிஸ் எதற்காக வாயைத் திறக்கவில்லை, எதற்காக வீட்டுக்குப் போகத் தயாரானாள் என்று. எனக்கு வாயில் எதுவும் தங்காது.

மார்லிஸ் நாய் பெயரையும் அம்மா ஊரையும் சொல்லி உள்ளே போனாள். பிராண்டின் திருத்திய கோப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றினாள். வாஷிங்டன் கொஞ்ச நேரம் வட்டம் சுற்றிக் காட்டியது. ஐந்தடிக்கச் சில நிமிடம் இருக்கையில், வந்து சேர்ந்தது என்று பதில் வந்தது.

“வாஷிங்டன்காரங்க பெரிய மனசு பண்ணி இன்னொரு வாய்ப்பு குடுத்தாங்க,” என்றாள் மார்லிஸ், யாரையும் பார்க்காமல். “நான் போன்ல சண்டை போட்டு வாங்கினேன்.”

பிராண்ட் தலையாட்டினாள். சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

“எனக்குத் தெரியும், மார்லிஸ்,” என்றாள். “இன்னைக்குத்தான் கடைசி நாள். எங்க எல்லாருக்கும் தெரியும்.”

லோர்னா என் காலை ஓங்கி மிதித்தாள். மிதிபட வேண்டியவன்தான்.

மார்லிஸ் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். “எத்தனை நாளா?” என்றாள்.

“நான் சேர்ந்த ரெண்டாவது வருஷத்துல இருந்து.”

“அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் படியேறி ஓடி வந்து என்கிட்ட கெஞ்சுனீங்க? இன்னும் ஒரு நாள் குடு மார்லிஸ், தயவு பண்ணு மார்லிஸ்னு. அந்தக் குண்டு கணக்கு வாத்தியார் ஒரு தடவை முழங்கால் போட்டாரே.”

“போனாப் போகுதுன்னு நீ சொல்லுவல்ல, அப்போ உன் முகத்துல ஒரு சந்தோஷம் வரும். அதைக் கெடுக்க யாருக்கும் மனசு வரல.” பிராண்ட் மேஜையைச் சுற்றி அவள் பக்கம் வந்தாள். “இதுக்காக நீ வேலையை விட்டுப் போகப் பார்த்தியாமே. பைத்தியக்காரி. நீ போயிட்டா நாங்க யார்கிட்ட போய்க் கெஞ்சறது?”

மார்லிஸ் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அழுதாள். பிராண்ட் குனிந்து அவளைக் கட்டிக்கொண்டாள். லோர்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் காலி ஃபிளாஸ்க்கை மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து மார்லிஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பழைய முகம் திரும்பி வந்துவிட்டது.

“உன்னோட அடுத்த விண்ணப்பம் பிப்ரவரியில,” என்றாள் பிராண்டிடம். “மூணாம் தேதி கடைசி. ஒரு நாள்கூடத் தள்ள மாட்டேன்.”

பிராண்ட் பேனாவை எடுத்தாள், வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அந்தத் தேதி உண்மையா பொய்யா என்று கேட்கிற தைரியம் எங்கள் மூன்று பேரில் யாருக்கும் வரவில்லை. பிராண்ட் அதை உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டாள்.